கராஜீனன்: எந்த வகை, எவ்வளவு, யாருக்கு வேண்டாம்?

சாக்லேட் பால் பாட்டிலையோ ஐஸ்கிரீம் டப்பாவையோ திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் 407 என்ற எண் பல நேரம் கண்ணில் படும். சில பொட்டலங்களில் கராஜீனன் என்று பெயரே போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்: கடற்பாசியிலிருந்து எடுத்து, உணவைக் கெட்டியாக்கவும் உறையவைக்கவும் சேர்க்கும் பொடி. அது என்னவென்று தேடப் போனால், "கடலிலிருந்து வரும் இயற்கைப் பொருள், ஒன்றும் செய்யாது" என்று ஒருவர் எழுதியிருப்பார். "குடலைப் புண்ணாக்கும், புற்றுநோய் வரும்" என்று இன்னொருவர் எழுதியிருப்பார். இரண்டையும் படித்துவிட்டு என்ன முடிவெடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகவும், இந்தப் பொடியை வாங்கி வீட்டில் சமைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சமையல் பகுதியை முதலில் சொல்லிவிட்டு, பாதுகாப்புக்குப் பிறகு வருகிறேன். ஒரு காரணம் இருக்கிறது. பொடியைக் கையில் எடுத்து, எடை போட்டு, கரைத்துப் பார்த்தவருக்குத்தான் அந்தச் சண்டையில் யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது பிடிபடும். அடுப்படியிலும் சரி, ஆய்வறிக்கையிலும் சரி, கேட்க வேண்டியது இதைத்தான்: எந்தக் கராஜீனன், எவ்வளவு?

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

தமிழில் கடற்பாசி என்ற ஒரே சொல்லைக் கடலில் வளரும் செடிக்கும் சொல்கிறோம், ஜெல்லி செய்யும் அகருக்கும் சொல்கிறோம். அதனால் அகரும் கராஜீனனும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து வருபவைதான். ஆனால் பாசி வேறு, பொருளும் வேறு. அகரின் எண் 406. பழுப்புப் பாசிகளிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் வகைகள் 400 முதல் 405 வரை. கராஜீனன் 407. அதிகம் சுத்திகரிக்காமல் விற்கும் வகைக்கு அதே எண்ணோடு 'ஏ' என்ற எழுத்தும் சேர்ந்திருக்கும். எண்ணுக்கு முன்னால் 'ஈ' இருந்தாலும் 'ஐஎன்எஸ்' இருந்தாலும் பொருள் மாறுவதில்லை.

அயர்லாந்துக் கடற்கரைகளில் பாறையில் ஒட்டி வளரும் கோண்ட்ரஸ் கிறிஸ்பஸ் என்ற பாசியைப் பாலில் கொதிக்கவைத்து உறையச் செய்வது அங்கே பழைய பழக்கம். ஐரிஷ் மொழியில் சிறு பாறையைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் கராஜீனன் என்ற பெயர் வந்தது. இன்று தொழிற்சாலைகளுக்குப் போவது பெரும்பாலும் கப்பாஃபைகஸ், யூக்கிமா என்னும் வெப்பமண்டலப் பாசிகள். 1970-களில் பிலிப்பைன்ஸில் இவற்றைக் கயிற்றில் கட்டி வளர்க்கும் முறை பரவியது. பின்னர் இந்தோனேசியா பெரிய உற்பத்தி நாடாக வளர்ந்தது. பாசியைக் காரக் கரைசலில் வேகவைத்து, வடிகட்டி, ஆல்கஹாலோ பொட்டாசியம் உப்போ சேர்த்துத் திரளவைத்து, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். ஆகவே 'இயற்கை' என்ற சொல் மூலப்பொருளுக்குப் பொருந்தும். கைக்கு வரும் பொடி, ஆலையில் பல கட்டங்களைத் தாண்டி வந்த ஒன்று.

வகை தெரியாமல் வாங்காதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் இடறும் இடம் இதுதான். கராஜீனன் என்று ஒரே பொருள் கிடையாது. கேலக்டோஸ் என்ற சர்க்கரை நீளமாகக் கோத்துக்கொண்ட சங்கிலி இது. அந்தச் சங்கிலியில் சல்ஃபேட் கூறுகள் தொங்கும். இரண்டு சர்க்கரைக்கு ஒரு சல்ஃபேட் இருந்தால் கப்பா, இரண்டு இருந்தால் அயோட்டா, மூன்று இருந்தால் லாம்டா. இந்தச் சின்ன வித்தியாசம்தான் கிண்ணத்தில் என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சூடான தண்ணீரில் இந்தச் சங்கிலிகள் தனித்தனியாக மிதக்கும். ஆறும்போது கப்பா, அயோட்டா சங்கிலிகள் இரண்டிரண்டாகக் கயிறு திரிப்பதுபோலப் பின்னிக்கொள்ளும். பக்கத்தில் பொட்டாசியம் இருந்தால் கப்பாவின் பின்னல்கள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகும். கத்தியால் வெட்டினால் விளிம்பு கூர்மையாக நிற்கும், அழுத்தினால் நொறுங்கும். அந்த இறுக்கமே அதன் குறையும்கூட. வைக்க வைக்க ஜெல்லி சுருங்கி, ஓரத்தில் தண்ணீர் கசியும்.

அயோட்டாவுக்குக் கால்சியம் பிடிக்கும். அதில் உறையும் ஜெல்லி மென்மையாக, இழுபடும் தன்மையோடு இருக்கும். தண்ணீர் கசியாது, உறைபெட்டியில் வைத்து எடுத்தாலும் கெடாது. இன்னொரு குணமும் உண்டு. கரண்டியால் கலக்கினால் குழம்பாகிவிடும், சற்று நேரம் விட்டால் தானே மறுபடி சேர்ந்துகொள்ளும். பற்பசையைப் பிதுக்கினால் வழுக்கிக்கொண்டு வருவதும், தூரிகை மேல் விழுந்ததும் உருவம் மாறாமல் நிற்பதும் இதே குணத்தால்தான். பற்பசையிலும் கராஜீனன் சேர்ப்பதுண்டு.

லாம்டாவில் மூன்றாவது சல்ஃபேட் இடையில் நிற்பதால் சங்கிலிகளால் பின்னிக்கொள்ள முடியாது. எவ்வளவு போட்டாலும் உறையாது, திரவத்தைக் கெட்டியாக்க மட்டும் செய்யும். குளிர்ந்த பாலிலேயே கரையும் என்பது அதன் வசதி.

ஆகவே வாங்கும்போது வகையின் பெயர் பொட்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே 'கராஜீனன்' என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜெல்லிக்கு என்று வாங்கிய பொடி லாம்டாவாக இருந்தால், இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தாலும் காலையில் கூழ்தான் இருக்கும். கண்ணாடிபோலத் தெளிவாக வேண்டுமானால் சுத்திகரித்த வகையைத் தேடுங்கள். 'ஏ' சேர்ந்த வகையில் பாசியின் செல்லுலோஸ் தங்கிவிடுவதால் கலங்கலாகத்தான் வரும். பாலில் செய்யும்போது இந்த வித்தியாசம் தெரியாது. உணவுத் தரம் என்ற குறிப்பும், தயாரிப்பாளர் பெயரும், தொகுதி எண்ணும் இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு விற்கும் கராஜீனனைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

இன்னொன்று: விற்பனைக்கு வரும் பொடிகளில் பல, சர்க்கரையோ பொட்டாசியம் உப்போ கலந்து சக்தியைச் சமன் செய்தவை. அதனால் ஒரு நிறுவனத்தின் 3 கிராமும் இன்னொரு நிறுவனத்தின் 3 கிராமும் ஒரே மாதிரி உறைய வேண்டும் என்பதில்லை. புதுப் பொட்டலம் பிரித்தால் முதலில் சிறிய அளவில் ஒரு தடவை செய்து பாருங்கள்.

எடை போடுங்கள், கரண்டியை நம்பாதீர்கள்

0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று அவசியம். சாக்லேட் பால் மாதிரி மிகக் குறைந்த அளவில் போட வேண்டியவற்றுக்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். இதற்கான காரணம், பாலுக்கும் தண்ணீருக்கும் தேவைப்படும் அளவு அடியோடு வேறு என்பதே.

தண்ணீரில் கத்தியால் வெட்டும்படி ஜெல்லி வேண்டுமானால், கப்பா சுமார் 0.8 சதவீதம் பிடிக்கும். அதாவது 500 மில்லிக்கு 4 கிராம். பாலிலோ 0.25 சதவீதமே போதும், 500 மில்லிக்கு 1.25 கிராம்தான். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதத்தில் ஒரு வகையை கராஜீனன் சங்கிலி பற்றிக்கொள்கிறது. பாலின் கால்சியமும் பொட்டாசியமும் கூட உதவுகின்றன. பாதி வேலையைப் பாலே செய்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைத்து 0.02, 0.03 சதவீதம் போட்டால் பால் உறையாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலை ஒன்று உண்டாகி, கோகோ துகள்களை அடியில் தங்கவிடாமல் தாங்கும். ஒரு லிட்டர் சாக்லேட் பாலுக்கு 0.2 முதல் 0.3 கிராம்தான். ஒரு சிட்டிகைகூட வராது. இத்தனை சிறிய அளவில் இவ்வளவு வேலை செய்வதால்தான் பால் பொருள் தொழிலில் இதற்கு இவ்வளவு மதிப்பு. ஐஸ்கிரீம் கலவையில் வேறு பசைகள் சேரும்போது பால் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் இந்தச் சிறு அளவுதான்.

கரைப்பதுதான் வேலை

நான் செய்த முதல் தவறு, கொதிக்கும் பாலில் பொடியை நேரே கொட்டியது. மேல்பக்கம் உடனே பசையாகி, உள்ளே பொடி காய்ந்தபடியே முத்து முத்தாகக் கட்டி தட்டிவிட்டது. எவ்வளவு கிண்டியும் அவை கரையவில்லை. அன்று முதல் கைக்கொள்ளும் வழி இது.

பொடியை அதைப் போல எட்டு, பத்து மடங்கு சர்க்கரையோடு காய்ந்த கிண்ணத்தில் நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். சர்க்கரைக் குருணைகள் பொடித் துகள்களை ஒன்றுக்கொன்று ஒட்டவிடாமல் விலக்கி வைக்கும். அப்புறம் குளிர்ந்த பாலையோ தண்ணீரையோ அகலமான பாத்திரத்தில் ஊற்றி, விஸ்க்கால் சுழற்றிக்கொண்டே இந்தக் கலவையைத் தூறல்போலத் தூவுங்கள். இப்போது அது கரைந்திருக்காது, பரவித்தான் இருக்கும். ஐந்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு மிதமான தீயில் கிண்டிக்கொண்டே சூடாக்குங்கள். கப்பாவும் அயோட்டாவும் முழுதாகக் கரைய 80 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள், ஓரத்தில் சிறு குமிழிகள் வந்து ஆவி நன்றாக எழும் நேரத்தைக் கணக்காக வைத்துக்கொண்டு, அதன்பின் இரண்டு நிமிடம் தீயைக் குறைத்து வையுங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் படியும் படலத்தில் மணல்போல எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் கரையவில்லை.

செய்முறையில் சர்க்கரை நிறைய இருந்தால், தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பொடிக்குத் தண்ணீர் கிடைக்காது. கொஞ்சத்தை மட்டும் பொடியோடு கலந்து, மீதியைக் கரைந்த பிறகு சேருங்கள். உப்புக்கும் இதே விதி. முன்னாலேயே சேர்த்தால் கரைவதற்கு இன்னும் அதிகச் சூடு தேவைப்படும்.

கரைந்ததும் அச்சில் ஊற்றத் தாமதிக்க வேண்டாம். கப்பா 50 டிகிரிக்கு அருகிலேயே உறையத் தொடங்கிவிடலாம், சமையல் மேடையிலேயே, குளிர்பெட்டி இல்லாமலே. பாதி உறைந்ததைக் கிண்டினால் துண்டு துண்டாக உடைந்துபோகும், பிறகு வழவழப்பு வராது. ஊற்றியபின் அசைக்காமல் விட்டுவிடுங்கள்.

புளிப்பு சேர்க்கும் நேரம்

எலுமிச்சைச் சாறு, பழச்சாறு போன்றவற்றைச் சேர்ப்பதில் கவனம் வேண்டும். புளிப்பும் சூடும் ஒன்றாக இருந்தால் கராஜீனன் சங்கிலி அறுபடும். காரகாடித் தன்மை (பிஎச் அளவு) 4-க்குக் கீழே போகும் எதையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால், எவ்வளவு பொடி போட்டிருந்தாலும் நீர்த்துப்போகும். ஆகவே முதலில் பொடியை வெறும் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுப்பை அணைத்து, உறைவதற்குச் சற்று முன்னால் வெதுவெதுப்பான சாற்றைக் கலந்து உடனே ஊற்றுங்கள். உறைந்துவிட்டால் புளிப்பு அதை அவ்வளவாகப் பாதிக்காது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு பற்றிய சண்டையில் இதே வேதியியல்தான் மறுபடி வரப்போகிறது.

அன்னாசி, பப்பாளி, கிவி போன்ற பழங்களைப் பச்சையாகப் போட்டால் ஜெலட்டின் உறையாது. அவற்றில் உள்ள நொதி புரதத்தை வெட்டிவிடும். கராஜீனன் புரதமில்லை என்பதால் அந்தத் தொல்லை இதற்குக் கிடையாது. விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்கள் ஜெலட்டினுக்குப் பதிலாக இதை எடுப்பதற்கு இதுவும் கூடுதல் வசதி. ஆனால் ஜெலட்டின்போல வாயில் வைத்ததும் உருகும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாய்ச் சூட்டுக்கு இது உருகாது. மென்றுதான் சாப்பிட வேண்டும்.

சரியாக வராவிட்டால்

உறையவே இல்லையென்றால், புளிப்பு இன்னும் சேராத நிலையில் மறுபடி 80 டிகிரிக்குச் சூடாக்கிப் பாருங்கள். பல நேரம் முழுதாகக் கரையாததுதான் காரணமாக இருக்கும். ஆறி உறைந்த கப்பாவையும் இப்படி உருக்கி மீண்டும் உறையவைக்கலாம். ரப்பர்போல இறுகிவிட்டதா, அடுத்த முறை அளவைக் கால் பங்கு குறையுங்கள். ஓரத்தில் தண்ணீர் கசிந்தால் கப்பாவில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அயோட்டா போடுங்கள். அல்லது கேரப் விதைப் பசையை (எண் 410) கப்பாவோடு சேருங்கள். அந்தப் பசை கப்பாவின் பின்னல்களுக்கு இடையில் நுழைந்து நெகிழ்வைக் கொடுக்கும், கசிவையும் குறைக்கும்.

தாவரப் பாலில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதாம், ஓட்ஸ் பாலில் கேசீன் இல்லை. பசும்பாலுக்கு எழுதிய அளவு அங்கே போதாது. தண்ணீர் அளவுக்கும் பால் அளவுக்கும் நடுவில், 0.4 சதவீதத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

இனி, பயத்தைப் பற்றி

கராஜீனனைப் பற்றிய அச்சம் ஒன்றுமில்லாததிலிருந்து முளைக்கவில்லை. அதன் வேர்கள் இரண்டு.

முதலாவது, பாலிஜீனன். கராஜீனனைக் கடும் அமிலத்தில், 80 டிகிரிக்கு மேல், மணிக்கணக்கில் வைத்தால் நீளச் சங்கிலிகள் அறுந்து குட்டையாகிவிடும். புளிப்பு சேர்த்துக் கொதிக்கவிட்டால் ஜெல்லி நீர்த்துப்போகும் என்றேனே, அதையே ஆலையில் வேண்டுமென்றே கடைசிவரை கொண்டுபோவது இது. உணவுக் கராஜீனனின் மூலக்கூறு எடை வழக்கமாக 200 முதல் 800 கிலோடால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) வரை இருக்கும். பாலிஜீனன் 10 முதல் 20 கிலோடால்டன்தான். உறையவோ கெட்டியாக்கவோ அதற்குச் சக்தி கிடையாது, உணவில் அதற்கு இடமும் இல்லை. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு 'சிதைந்த கராஜீனன்' என்று பெயர். 1969-இல் வெளிவந்த ஆய்வில் கினிப் பன்றிகளின் பெருங்குடலில் புண் உண்டாக்கியது இந்தச் சிதைந்த பொருள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்திருப்பதும் இதைத்தான். சிதையாத கராஜீனனை அதே முகமை 3-ஆம் பிரிவில், அதாவது வகைப்படுத்தச் சான்று போதாது என்ற பிரிவில் வைத்திருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டின் செய்தியும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

இரண்டாவது, எலியின் பாதம். 1962 முதல் வீக்கம் தணிக்கும் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் எலியின் பாதத்தில் கராஜீனனை ஊசியால் செலுத்தி, வீக்கத்தை வரவழைத்து, மருந்து அதைத் தணிக்கிறதா என்று பார்க்கிறார்கள். "ஆய்வகத்தில் அழற்சி உண்டாக்கவே பயன்படுத்தும் பொருள்" என்று சொல்லும்போது பலர் குறிப்பிடுவது இதை. செய்தி உண்மை. ஆனால் தோலுக்கடியில் ஊசியால் போவதும் வாய் வழியாகப் போவதும் ஒன்றல்ல. சாப்பிடும் கராஜீனன் நார்ச்சத்துபோலச் செரிக்காமல், பெரும்பகுதி அப்படியே வெளியேறுகிறது.

இத்தோடு விஷயம் முடிந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிற்று அமிலம் இதை உடைக்காதா என்ற கேள்வி நியாயமானது. வயிற்றின் சூடு 37 டிகிரிதான், உணவு அங்கே தங்குவதும் சில மணி நேரம்தான். பாலிஜீனன் செய்யும் சூழலுக்கு அது வெகு தூரம். ஆனாலும் ஒரு சிறு பங்கு உடையலாமா என்பதிலும், குடல் பாக்டீரியாக்களோடு இது எப்படி நடந்துகொள்கிறது என்பதிலும் ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது. உணவுக் கராஜீனனில் 50 கிலோடால்டனுக்குக் கீழுள்ள துண்டுகள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருப்பது இந்தக் கவலையால்தான்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு, நடந்தவையும் சிறியவை. பெருங்குடல் புண் நோய் தணிந்த நிலையில் இருந்த 12 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. எல்லோரும் உணவில் கராஜீனனைத் தவிர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் மாத்திரை உறையில் கராஜீனன் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் மூவருக்கு நோய் திரும்பியது, மற்ற பிரிவில் யாருக்கும் திரும்பவில்லை. ஜெர்மனியில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான 20 இளைஞர்கள் இரண்டு வாரம் நாளுக்கு 500 மில்லிகிராம் எடுத்தார்கள். மொத்தத்தில் இன்சுலின் செயல்பாட்டில் வித்தியாசம் தெரியவில்லை. உடல் எடை கூடியவர்களிடம் மட்டும் அது குறைந்ததற்கான அறிகுறிகள் தெரிந்தன. குடல் சுவரின் ஊடுருவல் தன்மை கூடியதும் பதிவானது. 12 பேரையும் 20 பேரையும் வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. அதே நேரம், குடல் நோய் உள்ளவர் இதை அலட்சியமாகக் கடந்துபோவதும் சரியில்லை என்பது என் எண்ணம்.

அமைப்புகள் என்ன சொல்கின்றன? உணவுச் சேர்க்கைகளை ஆராயும் பன்னாட்டு நிபுணர் குழு (ஜெக்ஃபா) 2001-இல் இதற்குத் தினசரி வரம்பு குறிப்பிடத் தேவையில்லை என்றது. 2014-இல், குழந்தைகளுக்கான பால்மாவில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை கவலைக்குரியதல்ல என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் மறு ஆய்வு செய்து, தரவுகளில் இடைவெளிகள் இருப்பதைக் காரணம் காட்டி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் என்று தற்காலிக வரம்பு வைத்தது. பிறந்தது முதல் கொடுக்கும் பால்மாவில் ஐரோப்பிய ஒன்றியம் இதை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் இயற்கை வேளாண் தர ஆலோசனை வாரியம் 2016-இல் இதை, இயற்கை வேளாண் உணவில் அனுமதிக்கும் பொருட்களின் பட்டியலிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது. 2018-இல் வேளாண் துறை அதை ஏற்காமல் பட்டியலிலேயே வைத்துக்கொண்டது. ஆக, நச்சு என்று சொன்ன அமைப்பும் இதில் இல்லை, எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது என்று எல்லா அமைப்பும் சொல்லவும் இல்லை.

உங்கள் கிண்ணத்தில் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

இங்கேதான் தராசு மறுபடி உதவும். அந்த 75 மில்லிகிராமைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 4,500 மில்லிகிராம், அதாவது 4.5 கிராம். 12 கிலோ எடை உள்ள குழந்தைக்கு 900 மில்லிகிராம்.

200 மில்லி சாக்லேட் பாலில் 0.03 சதவீதம் என்றால் 60 மில்லிகிராம். பெரியவருக்கும் குழந்தைக்கும் வரம்புக்கு வெகு கீழே. 0.25 சதவீதத்தில் உறையவைத்த பால் புட்டிங், 125 கிராம் கிண்ணத்தில் சுமார் 310 மில்லிகிராம். 0.8 சதவீதத்தில் செய்த தண்ணீர் ஜெல்லி, அதே அளவுக் கிண்ணத்தில் 1,000 மில்லிகிராம். 12 கிலோக் குழந்தையின் வரம்பை அந்த ஒரு கிண்ணமே தாண்டிவிடுகிறது.

ஒரு நாள் தாண்டினால் ஆபத்து என்று இதற்குப் பொருளில்லை. ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பாதகமில்லை என்ற கணக்கில் வைக்கும் எல்லை அது. இருந்தாலும் இந்தக் கணக்கு எனக்கு ஒன்றைக் காட்டியது. பாட்டிலில் 407 பார்த்துப் பதறுபவர்கள், வீட்டில் ஆசையாகச் செய்யும் ஜெல்லியில் அதைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் போடுகிறார்கள். சிறு குழந்தைகளுக்கு என்றால், ஜெல்லிக்குப் பதில் பாலில் செய்யுங்கள், அதையும் எப்போதாவது செய்யுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இதைவிட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு: தொண்டை அடைப்பு. வாயில் உருகாத, வழுக்கும் சிறு ஜெல்லி உருண்டை தொண்டையில் சிக்கினால் எளிதில் வெளியே வராது. ஒரே வாயில் உறிஞ்சி விழுங்கும் சிறு கப் ஜெல்லிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் தடுத்தது இதனால்தான். அந்தத் தடையில் அகர், ஆல்ஜினேட், கராஜீனன் எல்லாமே அடங்கும். இறுகிய ஜெல்லியைச் சிறுவர்களுக்கும், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் முழு உருண்டையாகக் கொடுக்கவே கூடாது. பொடியை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதும் அதேபோல ஆபத்து, தொண்டையிலேயே உப்பிவிடும். பொடி டப்பாவை இறுக மூடி, ஈரம் படாமல், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கடல் பாசியை முழுதாக ஊறவைத்து அரைத்து, 'சீ மாஸ் ஜெல்' என்று தினமும் கரண்டி கரண்டியாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன வரம்புகள் சுத்திகரித்த பொடிக்கானவை. முழுப் பாசியில் அயோடினும், வளர்ந்த கடலைப் பொறுத்துக் கன உலோகங்களும் இருக்கலாம். தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகமா?

வயிறு உப்புசம், இளக்கமாகப் போவது போன்ற தொல்லைகள் இதனால்தானோ என்று தோன்றினால், ஊகத்தில் விடாமல் சோதித்துப் பாருங்கள். இரண்டு, மூன்று வாரம் 407 உள்ள எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பார்க்க வேண்டிய இடங்கள்: சுவையூட்டிய பால், கிரீம், ஐஸ்கிரீம், புட்டிங், தாவரப் பால், பதப்படுத்திய இறைச்சி. தாவரப் பால் தயாரிப்பவர்களில் பலர் ஜெல்லான் பசைக்கு (418) மாறிவிட்டதால், பழைய நினைவை நம்பாமல் ஒவ்வொரு முறையும் பொட்டலத்தைப் படியுங்கள். பதப்படுத்திய இறைச்சியில் இதைச் சேர்ப்பது உள்ளே செலுத்திய தண்ணீரைப் பிடித்துவைக்கத்தான். அந்த எண்ணைப் பார்த்தால், எடையில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும், உடல்நலக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். நிறுத்திய நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள், வயிறு எப்படி இருந்தது என்று நாட்குறிப்பு எழுதுங்கள். அப்புறம் மற்ற உணவை மாற்றாமல், வீட்டில் எடை போட்டுச் செய்த பால் புட்டிங் ஒரு கிண்ணத்தை மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். தொல்லை திரும்பவில்லையென்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். கடையில் வாங்கும் பொருளில் சர்க்கரை, லாக்டோஸ், வேறு பசைகள் என்று பலவும் இருப்பதால், அதை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் எதுவும் தெளிவாகாது. பால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்பது முன்பே தெரிந்திருந்தால் மட்டும் புட்டிங்கை எடுங்கள்.

பெருங்குடல் புண் நோய், கிரோன் நோய் உள்ளவர்கள் இந்தச் சோதனையைத் தாங்களாகச் செய்ய வேண்டாம். தவிர்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை, இது யாருக்கும் அத்தியாவசிய உணவு கிடையாது. மருத்துவரைப் பார்க்கும்போது இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் தினமும் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். ஜெலட்டின் இல்லாத மாத்திரை உறைகள் சிலவற்றில் கராஜீனன் சேர்கிறது. உணவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள்.